காக்கைக்கால்

1773 நவம்பர் 9, செவ்வாய்

இன்று பன்றி அடித்தோம். ஆண்பிள்ளை செய்ய வேண்டிய வேலை, ஆனால் என் வீட்டு ஆண்பிள்ளை ராஜாவுக்கு மரம் பார்க்கக் காட்டுக்குப் போயிருக்கிறார். வருகிற வாரம்தான் திரும்புவாராம். அதுவரை பன்றி தீனி தின்றுகொண்டே இருக்குமா? அடுத்த வீட்டு டாம்ஸின் வந்து கால்களைப் பிடித்துக்கொண்டாள், காரியம் முடிந்தது.

கை கழுவும்போது அவள் கேட்டாள்: "ஏன் டார்கஸ், பன்றிக்குக் காக்காக்கால் போட்டாச்சா? இல்லாட்டி நாம தின்னலாமா?"

சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான், இதுவரைக்கும்.

என் புருஷன் ஜோதாம் இந்த உத்தியோகத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஓர் அடிக்கு மேல் பருத்த வெள்ளைப் பைன் எங்கே நின்றாலும், யார் நிலத்தில் நின்றாலும், அரசரின் கப்பலுக்குப் பாய்மரம். கோடரியால் அதில் மூன்று வெட்டு போட்டு அம்புக்குறி செதுக்கிவிட்டால் பிறகு யாரும் தொடக்கூடாது. அரசாங்கம் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் எங்கள் ஹார்லோவில் அது காக்கைக்கால். குறி போடுகிற வேலை அவருக்குக் கிடைத்தபோது ஊரே தோளில் தட்டிக்கொடுத்தது. நம்ம ஆளே இருந்தா நல்லதுதானே என்றார்கள். நம்ம ஆளும் அப்படித்தான் இருந்தார். குறி போடுவார், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் எந்த வீட்டிலும் கீழே ஓர் அடிக்கு மேல் அகலமான பலகை இருக்காது. பரணில் ஏறிப் பார்த்தால் தெரியும். எங்கள் வீட்டுப் பரணிலும்தான்.

நவம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முழுக்கப் பல் தந்தியடித்தது. இந்த ஆலயத்தின் சுவருக்கும் சல்லடைக்கும் வித்தியாசமில்லை. அடுத்த கோடையில் புதிது கட்டுவதென்று முடிவாகிவிட்டது. என் தம்பி அபியேல்தான் மரம் முழுவதும் அறுத்துத் தரப்போகிறான். ஆற்றோர மரம் அறுக்கும் ஆலை அவனுடையது. பிரசங்க பீடத்துக்கென்று ஒரு கட்டையைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறானாம். ஆலயப் பெரியவர் டீக்கன் பீஸ்லி அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "இப்படி ஒரு மரம் நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்ல, முண்டு முடிச்சு ஒண்ணு இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஓர் அடியா இரண்டரை அடியா என்று யாரும் கேட்கவில்லை.

ஜோதாம் இன்னும் வடக்குக் காட்டில்தான். இது எதுவும் அவர் காதில் விழவில்லை.

1774 ஜனவரி 3

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிவிட்டார்களாம். சரக்கு விற்க வந்தவன் சொன்னான். சத்திரத்தில் ஒரே கூச்சல், கைதட்டல்.

எனக்கு வயிறு எரிந்தது. கொள்கை வேறு, தேநீர் வேறு. உப்புத் தண்ணீரில் போய்ச் சேர்ந்ததே!

ஜனவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் டீக்கனின் மனைவி பெண்களையெல்லாம் நிறுத்தி, இனி யாரும் வரி போட்ட தேயிலை குடிப்பதில்லை என்று வாக்கு வாங்கினாள். நானும் தலையாட்டினேன். இனி ராஸ்பெர்ரி இலைக் கஷாயம். குடித்துப் பார்த்தேன். வேலியைக் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது.

அபியேலைக் கேட்டேன், இத்தனூண்டு வரிக்கா இவ்வளவு ரகளை என்று. முன்பு முத்திரைத்தாள் வரி வந்தபோதும் இதே ரகளை. பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், இதையும் வாங்கிக்கொள்வார்கள். அவன் சிரிக்கவில்லை.

"காசு பெருசில்லக்கா. கடலுக்கு அந்தாண்ட ஒரு சபை. அதுல நம்ம ஆளு ஒருத்தன் கிடையாது. நம்மள ஒரு வார்த்தை கேட்டதும் கிடையாது. ஒரு தடவ கட்டிட்டோம்னு வையி, நீ கேக்கறது நியாயம்தான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் ஜன்னலுக்குக் கேப்பான், ஆட்டுக்குக் கேப்பான்."

ஜோதாம் அடுப்பருகே பூட்ஸைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "பிரெஞ்சுக்காரன் வந்தப்ப யாருடைய கப்பல் வந்துது மாப்ள? அந்தக் கப்பலுக்குப் பாய்மரம் வானத்துலேருந்தா விழும்?" என்றார்.

"அது அப்ப, மச்சான்."

"நான் அப்பவும் இருந்தேன். நீ சட்டை கிழிஞ்சு அழுதுட்டிருந்தே."

இருவரும் சிரித்தார்கள். இருந்தாலும் அபியேல் கிளம்பும்போது வழக்கமாக எடுத்துப்போகும் ஆப்பிள் மதுவை எடுக்காமல் போய்விட்டான். மறந்தானா?

பிப்ரவரி 10

போர்ட்ஸ்மத்திலிருந்து அரசாங்கத் துரை ஒருவர் வந்து சத்திரத்தில் இறங்கியிருக்கிறார். நல்ல கோட்டு. ஜோதாமைக் கூப்பிட்டனுப்பினார்.

திரும்பி வந்தவர் கூழைத் தொடவில்லை. விஷயம் இதுதான். காட்டில் குறி போட்ட மரமெல்லாம் எங்கே போகிறது என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். இனிமேல் ஆலைகளில் புகுந்து, பருத்த கட்டை எதுவானாலும் அங்கேயே குறி போட்டுப் பறிமுதல் செய்ய வேண்டும். வேண்டுமென்றால் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். முதலில் அபியேலின் ஆலை.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்லலாம். நாளைக்கே வேற ஆள் வருவான். முற்றத்துல கிடக்கற அத்தனைக்கும் குறி போட்டுட்டுப் போவான். நான் போட்டா நாலஞ்சோட முடியும்."

"அது உங்களுக்குத் தெரியும். பாக்கறவனுக்கு?"

"அபியேலுக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இவர் வாயிலிருந்து வார்த்தை பிடுங்குவதைவிடப் பல் பிடுங்குவது சுலபம்.

பிப்ரவரி 15, செவ்வாய்

நானும் போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஊரே அபியேலின் ஆலை முற்றத்தில் நின்றது. துரை குதிரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜோதாம் ஒவ்வொரு கட்டையிடமும் போய்ப் பனியைத் துடைத்துவிட்டு, கோடரியின் பின்புறத்தால் தட்டி, காதை அதன்மேல் வைத்துக் கேட்டார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி தட்டினார். உறைபனியில் எல்லாக் கட்டையும் கணீர் என்றுதான் ஒலிக்கும், இது எனக்கே தெரியும். அபியேல் சத்தமாகவே சொன்னான்: "பூசணிக்கா வாங்க வந்தவன் மாதிரி தட்டிப் பாக்கறாரு பாரு. நல்லதாப் பொறுக்கறாரு ராஜாவுக்கு."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பதுக்கு மேல் கட்டைகள். குறி விழுந்தது ஆறில். ஆறாவது, கொட்டகையை ஒட்டித் தனியே, தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஜோதாம் பாயை விலக்கினார். தட்டினார். நெடுநேரம் காதை வைத்திருந்தார். பிறகு மூன்று வெட்டு.

யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். டீக்கன் பீஸ்லி தொப்பியைக் கழற்றினார், பிணத்தைக் கண்டவர் போல. பிரசங்க பீடத்துக்கு ஒதுக்கிய கட்டை அது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் தெரியுமா, அது கர்த்தருக்கு ஒதுக்கினது என்று. அவர் அப்படியே நின்றார். "பீடத்துக்கா? அந்தக் கட்டையா?" என்றார். அப்புறம் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

இதைச் சிரித்துத் தள்ளுகிற மனுஷனோடு நான் எப்படிப் பேசுவது? என் தம்பியின் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தட்டைக் கழுவாமல் வந்து படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு

எங்கள் இருக்கையில் வழக்கமாக டாம்ஸின் குடும்பமும் உட்காரும். இன்று பின்னால் போய் நின்றுகொண்டார்கள். ஆராதனை முழுவதும் நின்றார்கள், அந்தக் குளிரில். நான் நேரே பார்த்தபடி இருந்தேன். ஜோதாம் மட்டும் எல்லாப் பாட்டையும் பாடினார், சுருதி இல்லாமல், எப்போதும் போல.

பிப்ரவரி 22

ஆற்றங்கரையில் அபியேல் வழிமறித்தான்.

"உன் புருஷன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அத்தனை கட்டை கிடக்கே, அது ஏன்? அது ஒண்ண விட்டிருக்கலாமில்ல? அபராதம் கட்டி மீட்டுக்கோன்னு துரை சொல்றான். கட்ட மாட்டேன். கர்த்தரோட மரத்த ராஜாகிட்டேருந்து விலைக்கு வாங்கணுமா நான்?"

உன் புருஷன் என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஜோதாமைக் கேட்டேன். ஏன் அந்த மரம்? அவர் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. "பதினஞ்சு வருஷம் ஒண்ணா மரம் வெட்டியிருக்கோம். இவனுக்கு நான் வாயத் தொறந்து சொல்லணுமா? துரை சத்திரத்துல உக்காந்திருக்கான், சுவருக்கெல்லாம் காது. என்னை ஏன்னு கேக்காதே. அவனையே தட்டிப் பாக்கச் சொல்லு."

"என்னது?"

"தட்டிப் பாக்கச் சொல்லு. அப்பத் தெரியும் அவனுக்கு."

முடிந்தால் என்னை அடித்துப் பார் என்று சொந்த மச்சினனிடம் இப்படியா சவால் விடுவது?

பிப்ரவரி 24

சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் கோபம். ஜோதாம் மேல் கோபம், அபியேல் மேல் கோபம். சத்திரத்து வாசலில் அவன் ஆட்களோடு நின்றான், "என்ன சொன்னாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நானும் வாயை அடக்காமல், "உன்னையே தட்டிப் பாக்கச் சொன்னாரு, அப்பத் தெரியுமாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் ஆட்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"அப்படியா" என்றான் அபியேல். "தட்டிப் பாத்துருவோம்."

பக்கத்தில் இருந்தவன் ஒருத்தன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். குளிருக்காக இருக்கலாம்.

மார்ச் 4

எங்கள் குதிரையின் வாலையும் பிடரியையும் மொட்டையாக வெட்டிவிட்டார்கள். தொழுவத்தில் போய்ப் பார்த்தால் அது வெட்கப்பட்டு நிற்பதுபோல் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. ஜோதாம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஈ ஓட்டறதுக்கு இனி நான்தான் வரணும் உனக்கு" என்றார். ஊரில் யார் செய்தது என்று என்னிடமும் கேட்கவில்லை, எவரிடமும் கேட்கவில்லை.

மார்ச் 5

பாலாடைக்கட்டி அச்சு இரவல் கேட்டுப் போனேன். டாம்ஸின் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாள். அவள் குரலே கேட்டது எனக்கு.

மார்ச் 19

காலையில் கதவைத் திறந்தால், வெளிப்பக்கம் மூன்று வெட்டு. ஆழமாக, உள்மரம் வெளுப்பாகத் தெரிய.

எங்கள் கதவில் காக்கைக்கால்.

அந்தக் குறிக்கு இந்த நாட்டில் ஒரே அர்த்தம்தான். இது எங்களுடையது, வெட்டப்போகிறோம், வேறு யாரும் கை வைக்காதே. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். ஜோதாம் போய்ப் பார்த்தார், விரலை விட்டு அளந்தார். "நடு வெட்டு கோணல். கோடரி பிடிக்கத் தெரியாத பய" என்றார்.

போயிடலாம் என்று சொன்னேன். போர்ட்ஸ்மத்துக்கு, எங்கேயாவது. கெஞ்சினேன். "வீட்ட விட்டுட்டுப் போனா அடுத்த வாரமே பலகை பலகையாப் பிச்சு எடுத்துடுவாங்க. பரண் பலகை மட்டும் அகலமானது, முதல்ல அது போகும்" என்று வேடிக்கை பேசினார். அப்புறம் "பசங்க ரெண்டு பேரும் இங்கதானே கிடக்கறாங்க டார்கஸ்" என்றார். மலைச்சரிவில் இருக்கும் இரண்டு சின்னக் கல்லறையைச் சொல்கிறார். அதோடு மூட்டை கட்டும் பேச்சை விட்டேன்.

ஏப்ரல் 2

இழைத்துவிடச் சொன்னேன் அந்தக் கதவை. மாட்டேன் என்கிறார். இருக்கட்டும், போட்டவன் தினமும் பார்த்துக்கொண்டு போகட்டும் என்கிறார்.

பிடிவாதம். மரத்தோடு பழகிப் பழகி மரமாகவே ஆகிவிட்டார்.

ஏப்ரல் 14, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

விடிகிற நேரம். அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கதவை உடைக்கவில்லை, தட்டினார்கள். அதுதான். தட்டினார்கள். ஜோதாம் போய்த் திறந்தார். வாசல் நிறைய ஆட்கள், முகமெல்லாம் கரி பூசி, கையில் அடிக்கிற பைன் மிலாறு. அவரைச் சட்டையோடு வெளியே இழுத்தார்கள். நான் வாசலில் நிற்கிறேன், யாரும் என்னைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தேவலை.

"தட்டிப் பாக்கச் சொன்னியாமே!" என்று ஒருத்தன் கத்தினான். "கட்டைக்கு ஒண்ணு. எண்ணிக்கோ!"

நான் கொண்டுபோன வார்த்தை. என் வாயால் கொண்டுபோனது.

ஒவ்வொரு கட்டைக்கும் ஒருவர் முறை. ஜோதாம் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்று முடிந்து மிலாறு முறிந்தால் அடுத்தவன் புதிதை எடுத்தான். ஆறாவது ஆள் கொஞ்சம் தயங்கினான். மற்றவர்கள் "பீடத்துக்கு! பீடத்துக்கு!" என்றார்கள். அவன் கையை ஓங்கினான். கம்பளிக் கையுறை. சாம்பல் நிறம், வலது கட்டைவிரல் மட்டும் நீலம். சாம்பல் நூல் தீர்ந்துபோய் நீலத்தில் முடித்தேன், போன கிறிஸ்துமஸுக்கு முன்னால். பின்னினது நான். யாருக்குப் பின்னினேன் என்று எனக்குத் தெரியும்.

அவன்தான் எல்லோரையும்விடப் பலமாக அடித்தான்.

ஜோதாம் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான். அவருக்கும் தெரிந்துவிட்டது.

மொட்டைவால் குதிரையில் அவரை ஏற்றி, போர்ட்ஸ்மத் சாலைக்குத் திருப்பி, பின்னால் ஓர் அடி கொடுத்தார்கள். திரும்பி வந்தால் வேறுவிதமாக இருக்கும் என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஓடிவரப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. "கதவச் சாத்திக்கோ. குளிர் வருது" என்றார்.

அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 15

கதவு சாத்தியே இருக்கிறது.

ஜூன் 12

பாஸ்டன் துறைமுகத்தைப் பூட்டிவிட்டார்களாம், கொட்டின தேயிலைக்குத் தண்டனையாக. போர்க்கப்பல்கள் வாயிலில் நிற்கின்றன. தெரு முழுக்க ராஜாவின் சிப்பாய்கள், சிவப்புக் கோட்டுக்காரர்கள். அந்த ஊரார் பட்டினி கிடக்கக்கூடாதென்று இங்கிருந்து தானியம் அனுப்புகிறார்கள். பெண்கள் வீடு வீடாக வந்தார்கள். என் வாசலிலும் நின்றார்கள், படி ஏறாமல். ஒரு மூட்டை பீன்ஸ் கொடுத்தேன். டீக்கனின் மனைவி, "உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே டார்கஸ்?" என்றாள்.

"பசிக்கறவனுக்குக் குடுக்கறதுல என்ன வருத்தம்?" என்றேன்.

அவள் கண் கதவில் இருந்த வெட்டுகள் மேல் போயிற்று. சட்டென்று திருப்பிக்கொண்டாள். ஒருவேளை அவள் பிள்ளைதான் கோடரி பிடிக்கத் தெரியாதவனோ.

என்னைக் கேட்டால் அரசாங்கம் செய்வது அநியாயம்தான். ஒரு சிலர் கொட்டினதற்கு ஒரு பட்டணத்தையே பூட்டுவதா? அபியேல் சொன்னது சரியாகத்தான் ஆகிக்கொண்டு வருகிறது. அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. சரியாகச் சொல்கிறவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கக்கூடாதா?

செப்டம்பர் 30

குளிர்காலத்துக்கான விறகை யாரோ பிளந்து, தொழுவத்துச் சுவரோடு நேர்த்தியாக அடுக்கியிருக்கிறார்கள். இந்த அடுக்கு எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கற்றுக்கொடுத்தது.

சாயங்காலம் வேலியோரம் நின்றான். "அக்கா, ஏதாவது வேணுமா?"

"எம்புருஷன்."

போய்விட்டான்.

டிசம்பர் 22

போர்ட்ஸ்மத் கோட்டையில் இருந்த அரசாங்க வெடிமருந்தை நம் ஆட்களே போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்களாம். அந்தப் பக்கம் துரைமார் யாரும் இனித் தெருவில் தலைகாட்ட முடியாது. சரக்கு விற்க வருகிறவன் ஜோதாமைத் துறையில் பார்த்திருக்கிறான். ஒரு கால் சாய்த்து நடக்கிறாராம். கப்பலேறிப் பாஸ்டனுக்குப் போய்விட்டாராம், படை இருக்கிற இடம்தான் பத்திரம் என்று.

பாஸ்டன். சிவப்புக் கோட்டுகளின் நடுவில். எனக்கென்னவோ அது பத்திரமாகத் தோன்றவில்லை.

1775 மார்ச் 7

மைதானத்தில் தினமும் பயிற்சி. துப்பாக்கி இல்லாதவன் மண்வெட்டிக் காம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறான். குண்டு வார்க்க ஈயம் கேட்டு வந்தார்கள், ஜன்னலின் ஈய எடையைக் கழற்றிக் கொடுத்தேன். அது எங்கே போய் யார் மேல் படுமோ. கொடுத்த பிறகு தூங்கவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஆலை ஓடுகிறது. காக்கைக்கால் போட்ட அந்த ஆறு கட்டையும் ஒரு வருஷத்துக்கு மேலாக முற்றத்திலேயே கிடந்தன. தொட்டவனுக்குச் சிறை என்று பயம். இப்போது யாருக்குப் பயம்? ராஜாவின் குறியாவது மண்ணாவது, இன்று அறுக்கப் போகிறோம் என்று டீக்கனே தெருவில் சொல்லிக்கொண்டு போனார். பீடத்துக் கட்டை முதலில். வேடிக்கை பார்க்க ஊரே போயிருக்கிறது, ஆரவாரம் இங்குவரை கேட்டது.

நான் போகவில்லை. ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நூல் நூற்றேன். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம் நடுவில் ஒரு மாதிரி தளர்ந்தது, இறங்கினது. பிறகு நின்றுவிட்டது.

ஆரவாரமும் இல்லை. இவ்வளவு நேரமாகியும் மறுபடி ஓட ஆரம்பிக்கவில்லை. என்னவாக இருக்கும்? யாருக்காவது கை போய்விட்டதா?

ஏப்ரல் 19

ஆலை ஓடுகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தெருவில் டீக்கன் என்னைப் பார்த்துவிட்டு வேறு வழியில் போனார்.

ஏப்ரல் 21, வெள்ளி

நேற்று சாயங்காலம் குதிரையில் ஒருத்தன் கத்திக்கொண்டே போனான். பாஸ்டனுக்கு வெளியே சுட்டுவிட்டார்களாம். சிவப்புக் கோட்டுகளும் சுட்டார்கள், நம்மவர்களும் சுட்டார்கள், சாலை நெடுகப் பிணமாம். இப்போது எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் போய்ப் பாஸ்டனைச் சுற்றி வளைக்கிறார்கள். ஹார்லோ ஆட்கள் இன்று மத்தியானம் புறப்பாடு.

காலையில் அபியேல் வந்தான். வேலியோரம் நிற்கவில்லை, உள்ளேயே வந்தான். தோளில் துப்பாக்கி, கம்பளி மூட்டை, கக்கத்தில் ஒரு பலகைத் துண்டு. அதை மேஜைமேல் வைத்தான். அதன் நடுவில் என் முஷ்டி போகிற ஓட்டை. சுற்றிலும் சிவந்து, பொடிப்பொடியாக, கேக்கைப் பிட்டது போல உதிர்ந்தது.

"பீடத்துக் கட்டை" என்றான். "ரெண்டு முனையும் சுத்தமா இருந்துது. நடுவுல இப்படி. இது ஒரு வருஷத்து அழுகல் இல்லக்கா. நின்னுட்டிருந்தப்பவே உள்ள செத்த மரம்."

நான் ஓட்டையின் விளிம்பைத் தொட்டேன், இன்னும் உதிர்ந்தது.

"மத்த அஞ்சையும் அறுத்துட்டேன்."

"ம்?"

"அஞ்சும் இப்படித்தான். அந்த முற்றத்துல சொத்தை மொத்தமே ஆறு. ராஜாவுக்கு ஆறையும் பொறுக்கிக் குடுத்திருக்காரு. நல்லதுல ஒண்ணு தொடல." துப்பாக்கி வாரை இழுத்து இழுத்து விட்டான். "உறைஞ்ச கட்டையில எப்படிக் கேட்டாருன்னு தெரியல. எனக்குக் கேட்டிருக்காது. பனி விட்டப்பறமா நான் தட்டிப் பாத்திருந்தா..."

அங்கே நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். சின்னப் பையனாக இருக்கும்போது எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்த முகம்.

"அக்கா. மச்சான் தட்டிப் பாக்கச் சொன்னாருன்னு வந்து சொன்னியே..."

மச்சான் என்றான்.

"ஆமா."

"மரத்தையா?"

எனக்கும் அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. சத்தியமாக அந்த நிமிஷத்தில்தான். கோடரி தீட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னதும், பீடத்துக்கா என்று தோள் குலுங்கச் சிரித்ததும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அவனுக்குத் தெரியும், அபியேலுக்குத் தெரியும் என்று அத்தனை நம்பிக்கையாகச் சொன்னாரே. கட்டினவள் எனக்கே தெரியவில்லையே.

"மரத்தத்தான்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். டீக்கனிடம் சொன்னானாம். இப்ப இத எல்லார்கிட்டயும் சொல்லி என்ன ஆகப்போவுது, ஆளுங்க கிளம்பற நேரத்துல என்றாராம். மைதானத்தில் முரசு தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அபியேல் எழுந்தான்.

"பாஸ்டன்லதான் இருக்காரு, உள்ள. நாங்க வெளியில இருப்போம்" என்றான். "எப்பவாவது ஆளு நேர்ல வந்தா, பாத்தா, என்னன்னு சொல்லட்டும் நான்?"

என்ன சொல்வது? அவன் கைகளைப் பார்த்தேன். இந்த வருஷம் வசந்தம் வந்தும் காலையில் குளிர் விடவில்லை. சாம்பல் கம்பளி, வலது கட்டைவிரல் நீலம்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றேன். "அந்தக் கையுறையக் கழட்டி வச்சுட்டுப் போ."

அவன் தன் கையைப் பார்த்தான். நீல விரலைப் பார்த்தான். எவ்வளவு நாளாக எனக்குத் தெரியும் என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, அழுகின பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். வெறும் கையோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

முரசு தெற்குச் சாலையில் போய்த் தேய்கிற வரைக்கும் நின்றேன். அவன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தான். மூன்று வெட்டும் வெயிலுக்கும் மழைக்கும் சாம்பல் பூத்துவிட்டன.

சாத்திக்கொண்டேன். குளிர் வருகிறது.